வலை இழுத்த கை

பால் அட்டைப்பெட்டியை வெட்டி, கை நுழைகிற மாதிரி மடித்துக்கொண்டால் கையுறை. ஓரளவு நேராக வளர்ந்த மரக்கிளை கிடைத்தால் மட்டை. கிழிந்த மீன்வலையைச் சுருட்டி உருண்டையாக்கி, மேலே டேப்பை இறுக்கிச் சுற்றினால் பந்து. மைதானத்துக்கு மட்டும் கடலிடம் அனுமதி வாங்கவேண்டும். தண்ணீர் வற்றி ஈரமணல் இறுகிக் கிடக்கும்போது ஆட்டம் தொடங்கும். தண்ணீர் திரும்ப ஏறிவந்து காலை நனைத்தால் ஆட்டம் முடிந்தது.

பனாமாவின் பசிபிக் கரையில் இருக்கும் புவெர்ட்டோ கைமிட்டோ ஒரு மீனவ ஊர். அந்த மணலில் இப்படி ஓடித் திரிந்த சிறுவர்களில் ஒருவன் மரியானோ ரிவேரா. 1969 நவம்பர் 29 அன்று பனாமா நகரில் பிறந்தவன்; வளர்ந்ததெல்லாம் இந்த ஊரில். அப்பா மீன்பிடிப் படகு ஒன்றின் கேப்டன். பையனுக்கு 12 வயதானபோதுதான் நிஜமான தோல் கையுறை ஒன்றை அவரால் வாங்கித்தர முடிந்தது. அப்போதும் பையனின் மனசு கால்பந்தில்தான் இருந்தது. பீலே மாதிரி வரவேண்டும் என்பதே அவன் கனவு. கணுக்காலில் அடுத்தடுத்து அடிபட்ட பிறகுதான் கால்பந்தை விட்டான்.

அந்தப் பையன் பிற்பாடு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 19 சீசன் ஆடினார். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் 652 ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் காப்பாற்றிக் கொடுத்தார். வேறு யாரும் இன்றுவரை அந்த எண்ணை எட்டவில்லை. அந்த லீக்கின் சாம்பியன் பட்டமான உலகத் தொடர் கோப்பையை ஐந்து முறை தொட்டார்.

என்னை இழுப்பது அந்தக் கோப்பைகளுக்கு முந்தைய கதை. திறமையைக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் ரிவேராவை நேரில் பார்த்தார்கள். வேகம் அளக்கும் கருவியை வைத்து அளந்தார்கள். பிறகு 'வேண்டாம்' என்றார்கள். இது ஒரு தடவை நடந்திருந்தால் பிசகு என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப நடந்தது.

மத்தியும் மீன்தூளும்

பதினாறு வயதில் படிப்பு நின்றது. மெக்கானிக் ஆகவேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது; அதற்கும் வழி இல்லை. அப்பாவின் படகில் ஏறினார். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 12 மணி நேரம். பிடிப்பது மத்தி மீன். கரைக்கு வருகிற மீன் ஆலைக்குப் போய் மீன்தூளாகும்.

நம் கரையோரத்து மக்களுக்கு இந்த வேலையை விளக்கவேண்டியதில்லை. மத்திக் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்துப் போட்டு, அடியில் ஓடும் கயிற்றை இழுத்துச் சுருக்கி, துள்ளும் மீனோடு அந்த முழுப் பாரத்தையும் மேலேற்றும்போது தோள்மூட்டே கழன்றுவிடும் போலிருக்கும். உப்பும் கயிறும் சேர்ந்து உள்ளங்கையை அறுக்கும். கடல்தான் அவருக்கு உரமேற்றியது என்று கவித்துவமாக எழுதிவிடலாம். ரிவேராவின் வார்த்தைகள் எளிமையானவை. கடுமையான வேலை, மிகக் கடுமையான வேலை என்று சொல்லியிருக்கிறார். அவரது 19-வது வயதில் 120 டன் படகு ஒன்று கவிழத் தொடங்கியது. படகைக் கைவிட்டு உயிர்தப்பினார். இனி இந்தப் பிழைப்பு வேண்டாம் என்று அன்றைக்கு முடிவாயிற்று.

பேஸ்பால் பனாமாவுக்குப் புதிது இல்லை. கால்வாய் காலத்து அமெரிக்கத் தொடர்பு அந்த ஆட்டத்தை அங்கே ஆழமாக ஊன்றியிருந்தது. மேஜர் லீக்கில் 3,000 அடிகளைத் தாண்டிய ராட் கேரூ பனாமாவில் பிறந்தவர்தான். ஆனாலும் மீனவ ஊரிலிருந்து நியூயார்க் வரைக்கும் போக ஒரு பையனுக்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஸ்கவுட் என்று பெயர். ஊர் ஊராகப் போய், வெயிலில் நின்று, நூறு பையன்களைப் பார்த்து ஒருவனைப் பொறுக்குகிறவர். அவர் நோட்டில் பெயர் ஏறாவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பனாமா ஓயெஸ்தே என்ற உள்ளூர் அணியில் ரிவேரா 18 வயதில் சேர்ந்தார். இடம் ஷார்ட்ஸ்டாப். தரையோடு உருண்டுவரும் பந்தைப் பாய்ந்து எடுத்து, ஓடிக்கொண்டே எறியவேண்டிய இடம் அது; அணியிலேயே சுறுசுறுப்பான பையனை அங்கேதான் நிறுத்துவார்கள். 1988-ல் ஒரு போட்டியில் ஹெர்ப் ரேபர்ன் என்ற ஸ்கவுட் அவரைப் பார்த்தார். நல்ல கை, ஆனால் மேஜர் லீக் ஷார்ட்ஸ்டாப் ஆகிற அளவுக்கு இல்லை என்று எண்ணிப் போய்விட்டார். ரேபர்னைக் குறை சொல்ல முடியாது. ஷார்ட்ஸ்டாப்பாக மட்டும் பார்த்தால் அவர் கணக்கு சரிதான்.

மாற்று ஆள்

அடுத்த வருஷம் ஒரு ஆட்டம். பனாமா ஓயெஸ்தேயின் பிட்சரை எதிரணி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் போல, பேஸ்பாலில் மேட்டில் நின்று பந்தெறிபவர்தான் பிட்சர். ஆனால் இங்கே முழங்கையை மடக்கி எறியலாம், பந்து தரையில் படாமல் மட்டைக்காரரிடம் போகவேண்டும். மாற்று ஆள் தேவைப்பட்ட நேரத்தில் ரிவேரா மேட்டில் ஏறினார். சிறுவயதுக்குப் பிறகு அவர் பிட்சிங் செய்ததே இல்லை. அந்த ஒரு நாளைக்கு அணியை ஒப்பேற்றவேண்டும், அவ்வளவுதான்.

நன்றாகப் போட்டார். அதைவிட முக்கியம், அதை இரண்டு பேர் கண்டுகொண்டார்கள். கிளாடினோ எர்னாண்டஸ், எமிலியோ கேஸ் என்ற அந்த இருவரும் சக ஆட்டக்காரர்கள். பனாமாவில் யாங்கீஸுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த சிக்கோ ஹெரோனிடம் போய், "எங்கள் ஷார்ட்ஸ்டாப்பைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சொன்னது அவர்கள்தான். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத நாயகர்கள் என்று நான் நினைப்பது இவர்களைத்தான். தன் அணியில் தன்னைவிட மேலான ஒருவன் இருக்கிறான் என்று கண்டு, அதை உரிய இடத்தில் போய்ச் சொல்ல மனசு வேண்டும்.

இரண்டு வாரத்தில் பனாமா நகரில் ஹெரோன் நடத்திய தேர்வு முகாமுக்கு ரிவேரா போனார். இதற்குள் ரேபர்ன், யாங்கீஸின் லத்தீன் அமெரிக்கப் பொறுப்பாளராகப் பனாமாவுக்குத் திரும்பியிருந்தார். தான் ஒதுக்கிவிட்டுப் போன ஷார்ட்ஸ்டாப் இப்போது பிட்சராக வந்து நிற்பதைக் கண்டு அவருக்கு ஆச்சரியம். ஆளைப் பார்த்தால் 70 கிலோ எடை. பந்தின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொடுவதே கஷ்டம். மேஜர் லீக் கணக்கில் அது சாதாரணம். பிட்சிங் பயிற்சி என்று எதுவும் கிடையாது. ரேபர்னுக்குப் பிடித்துப்போனது வேறொன்று. உடம்பில் ஒரு இழுபறி இல்லை, முக்கல் இல்லை. கை சுழன்று வருகிறது, பந்து போய்விடுகிறது. வேகத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், இந்த லாகவம் பிறவியிலேயே வரவேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். முன்பு தான் எழுதிய தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்ட அந்த நேர்மைக்காகவும் ரேபர்னைப் பாராட்டவேண்டும்.

1990 பிப்ரவரி 17 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்க ராணுவம் பனாமாவுக்குள் நுழைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒப்பந்தத் தொகை 3,000 டாலரைத் தாண்டவில்லை. ரிவேராவுக்கு வயது 20. லத்தீன் அமெரிக்காவில் 16 வயதிலேயே பையன்களை வளைத்துப் பிடிக்கும் சந்தையில் அது தாமதமான வயது. இவ்வளவு குறைந்த பணத்துக்கு இவ்வளவு பெரிய ஆட்டக்காரரை எந்த அணியாவது வாங்கியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

தொலைபேசி இல்லாத வீடு

மேஜர் லீக்குக்குக் கீழே மைனர் லீக் என்று பல படிகள் உண்டு. நம் ஊரில் டிவிஷன் கிரிக்கெட், ரஞ்சி, இந்திய அணி என்று ஏறுகிற மாதிரி. பெரும்பாலானோர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். ரிவேரா ஏறியது அடிப்படியில், ஃபுளோரிடாவில். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஊர் ஏக்கம் வாட்டியது. பேசலாம் என்றால் புவெர்ட்டோ கைமிட்டோ வீட்டில் தொலைபேசி இல்லை. கடிதம் எழுதினார்.

மேட்டில் ஏறினால் மொழி தேவைப்படவில்லை. அந்த முதல் சீசனில் 52 இன்னிங்ஸ் எறிந்தார். அவர் கணக்கில் ஏறிய ரன் ஒன்றே ஒன்று. பிட்சரின் தரத்தை ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற சராசரியால் அளப்பார்கள். 3-க்குக் கீழே இருந்தால் பிரமாதம். ரிவேராவின் சராசரி 0.17.

இதில் ஒரு சிக்கல். லீக்கின் சிறந்த சராசரிக்கான பட்டம் பெற கடைசி நாளுக்கு முன்வரை அவர் எறிந்த இன்னிங்ஸ் போதவில்லை, இன்னும் ஐந்து வேண்டும். மேனேஜர் கிளென் ஷெர்லாக் மேலிடத்தில் பேசி, கடைசி நாள் ஆட்டத்தை இவரே தொடங்கட்டும் என்று அனுமதி வாங்கினார். அது ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். ஏழும் ரிவேராவே எறிந்தார். எதிரணிக்கு ஒரு நல்ல அடிகூடக் கிடைக்கவில்லை. பேஸ்பாலில் இதை நோ-ஹிட்டர் என்பார்கள். பல பிட்சர்களுக்கு ஆயுள் முழுக்க ஆடினாலும் வாய்க்காதது. நிர்வாகம் 500 டாலர் பரிசு கொடுத்தது.

அடுத்த ஆண்டு வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில். டிம் கூப்பர் என்ற சக வீரர் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்; பதிலுக்கு ரிவேரா ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார். அந்த நவம்பரில் ஊருக்குப் போய், சிறுவயதுத் தோழி கிளாராவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

பிறகு கை போனது. 1992-ல் பந்து இன்னும் கொஞ்சம் வளையவேண்டும் என்று மணிக்கட்டைச் சொடுக்கிச் சொடுக்கி எறிந்ததில் முழங்கைத் தசைநார் சேதமானது. ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. செய்தவர் ஃபிராங்க் ஜோப்; பிட்சர்களின் முழங்கையைச் சரிசெய்வதில் பேர்பெற்ற மருத்துவர். தசைநாரையே மாற்றவேண்டி வருமோ என்ற பயம் இருந்தது, அந்த அளவுக்குப் போகவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் நடந்ததுதான் எனக்கு இன்றும் நம்பமுடியாதது. மேஜர் லீக்கில் கொலராடோ ராக்கீஸ், ஃபுளோரிடா மார்லின்ஸ் என்ற இரண்டு புதிய அணிகள் சேரவிருந்தன. பழைய அணிகள் தங்களுக்கு முக்கியமான ஆட்களின் பெயரை மட்டும் பாதுகாத்துக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாதவர்களைப் புதிய அணிகள் எடுத்துக்கொள்ளலாம். யாங்கீஸின் பாதுகாப்புப் பட்டியலில் ரிவேரா பெயர் இல்லை. முழங்கையில் தையல் போட்ட 22 வயதுப் பையனைக் காத்துவைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார்கள். புதிய அணிகள் இரண்டும் தலா 36 பேரை எடுத்தன. மொத்தம் 72 பேர். அந்த 72 பேரில் ஒருவராகக்கூட ரிவேரா யாருக்கும் தேவைப்படவில்லை.

பத்துக்குப் பூஜ்யம்

1995 மே 23. அனாஹைமில் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராக மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். யாங்கீஸ் பிட்சர் ஜிம்மி கீ காயம்பட்டதால் வந்த வாய்ப்பு. நான்கு இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை, ஐந்து ரன் கொடுத்துவிட்டு இறங்கினார். யாங்கீஸ் 10–0 என்று தோற்றது. நான்கு ஆட்டங்களைத் தொடங்கியதோடு ஜூன் 11 அன்று மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே நாளில் இன்னொரு இளைஞரையும் சேர்த்து அனுப்பினார்கள். அவர் பெயர் டெரெக் ஜீட்டர். யாங்கீஸின் அடுத்த இருபது ஆண்டு வரலாற்றை எழுதப்போகிற இருவர் ஒரே நாளில் கீழே இறக்கப்பட்டார்கள்.

அதோடு விடவில்லை. டெட்ராய்ட் அணியின் டேவிட் வெல்ஸை வாங்குவதற்கு ரிவேராவைக் கொடுத்துவிடலாமா என்று பேச்சு நடந்தது. தோள் வலி என்று ரிவேரா இரண்டு வாரம் ஓய்வில் இருந்தார். ஜூன் 26 அன்று ராச்செஸ்டரில் மறுபடி மேட்டில் ஏறினார். மழையால் ஐந்து இன்னிங்ஸோடு நின்ற அந்த ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு அடி கிடைக்கவில்லை. செய்தி அதுவல்ல. வேகம் அளக்கும் கருவியில் வந்த எண்தான் செய்தி: மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல். சில வாரங்களுக்கு முன்னால் இல்லாத வேகம்.

யாங்கீஸின் பொது மேலாளர் ஜீன் மைக்கேலால் நம்ப முடியவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்து, அங்கே இருந்த வேறு அணியின் ஸ்கவுட் என்ன எண் குறித்தார் என்று விசாரித்தார். அதே எண். வெல்ஸ் பேரத்தை அப்போதே கைவிட்டார். இந்த வேகம் எப்படி வந்தது என்று கேட்டால் ரிவேரா கடவுளைக் காட்டுவார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை முழுதாகத் தேறியதும், ஓய்வும் சேர்ந்து இது நடந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். மறுபடி மேஜர் லீக்கில், சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ். ரன் இல்லை. 11 பேர் பந்தைத் தொடமுடியாமல் அவுட். அதற்குப் பிறகும், 1996 சீசன் தொடங்குமுன், ஜீட்டர் மேல் நம்பிக்கை இல்லாமல் சியாட்டிலிலிருந்து ஃபெலிக்ஸ் ஃபெர்மின் என்ற ஷார்ட்ஸ்டாப்பை வாங்க, ரிவேராவைக் கொடுப்பது பற்றி மேலிடம் யோசித்தது. நல்லவேளை, யோசனையோடு நின்றது. அந்த ஆண்டே யாங்கீஸ் உலகத் தொடரை வென்றது.

ஒரே ஒரு பந்து

1997-ல் அவரை க்ளோசர் ஆக்கினார்கள். அணி கொஞ்ச ரன்னில் முன்னால் இருக்கிறது, கடைசி இன்னிங்ஸ் பாக்கி. கிரிக்கெட்டில் டெத் ஓவர் போடுகிறவரின் நிலைமை. முதல் ஆறு வாய்ப்பில் மூன்றைக் கோட்டைவிட்டார். மேனேஜர் ஜோ டோரி கூப்பிட்டு, நான் இருக்கும்வரை நீதான் என் க்ளோசர் என்கிற அர்த்தத்தில் தைரியம் சொல்லி அனுப்பினார்.

அந்த ஜூன் மாதம் ஒரு நாள், ஆட்டத்துக்கு முன் சக பனாமாக்காரரான ரமிரோ மெண்டோசாவோடு பந்தை எறிந்து பிடித்துக் கைச்சூடு ஏற்றிக்கொண்டிருந்தார். மெண்டோசாவுக்குக் கோபம். பந்தை வைத்து ஏன் விளையாடுகிறாய், நேராகப் போடு என்றார். ரிவேரா நேராகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பந்துதான் கடைசி நொடியில் திடுக்கென்று விலகிப்போனது. பயிற்சியாளர் மெல் ஸ்டாடில்மயரோடு சேர்ந்து அந்த விலகலைச் சரிசெய்ய முயன்றார், முடியவில்லை. கடைசியில் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதுதான் கட்டர். பிடிப்பு சாதாரண வேகப்பந்தின் பிடிப்பே. நடுவிரலின் நுனி மட்டும் பந்தின் தையலில் ஒரு துளி கூடுதலாக அழுத்தும். மேட்டிலிருந்து மட்டைக்காரர் இருக்கும் தூரம் 18 மீட்டர் சொச்சம். பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. அந்தத் தூரத்தின் முக்கால்வாசி வரை நேர்ப்பந்து. மட்டைக்காரர் வீசத் தொடங்கிய பிறகு, இடதுகை ஆட்டக்காரர் என்றால் அவர் கைப்பக்கம் உள்ளே குத்தும். மட்டையின் பருத்த பகுதிக்குப் பதில் மெலிந்த கழுத்தில் படும். மட்டை இரண்டாகப் போகும். 1999 உலகத் தொடரில் எதிரணியின் ரயன் கிளெஸ்கோ ஒரே தடவை ஆட நின்றபோது மூன்று மட்டைகளை இழந்தார். தன் அணி தோற்றுக்கொண்டிருந்தபோதும் கிளெஸ்கோவின் சக வீரர் சிப்பர் ஜோன்ஸ் சிரித்துவிட்டார். மட்டைக்காரர்கள் எல்லாருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரியும். கிட்டத்தட்ட எல்லாப் பந்தும் அதே பந்துதான். தெரிந்தும் அடிக்க முடியவில்லை.

2013-ல் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் எதிரணிகள் ஊருக்கு ஊர் பரிசு கொடுத்தன. மினசோட்டா ட்வின்ஸ் கொடுத்தது ஓர் ஆடும் நாற்காலி. முழுக்க முழுக்க உடைந்த மட்டைகளால் செய்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் ரிவேரா ஒவ்வொரு மைதானத்திலும் டிக்கெட் கிழிப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் போன்ற பின்னணி ஊழியர்களை உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் போனார். செப்டம்பர் 26 அன்று யாங்கீ மைதானத்தில் கடைசி ஆட்டம். அவரை மேட்டிலிருந்து அழைத்துப்போக மேனேஜர் வரவில்லை. சக வீரர்களான ஆண்டி பெட்டிட்டும் ஜீட்டரும் நடந்து வந்தார்கள். ரிவேரா பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து அழுதார்.

அவர் முதுகில் இருந்த எண் 42. முதல் கறுப்பின வீரராக 1947-ல் மேஜர் லீக்கின் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் எண் அது. 1997-ல் அந்த எண்ணை எல்லா அணிகளிலும் ஓய்வுபெறச் செய்தபோது, ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்று விட்டார்கள். அப்படி அணிந்தவர்களில் கடைசி ஆள் ரிவேரா.

ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழித்து, 2019 ஜனவரி 22 அன்று பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்கு முடிவு வந்தது. பேப் ரூத்துக்கும் வில்லி மேஸுக்கும் ஹேங்க் ஆரனுக்கும்கூட ஓட்டுப் போடாமல் விட்ட எழுத்தாளர்கள் இருந்த தேர்தல் இது. 1992-ல் அந்த 72 பேரில் ஒருவராக இடம்பெறாத ரிவேராவுக்கு, இந்த முறை வாக்களித்தவர்கள் 425 பேர். 425 பேரும் அவர் பெயரைக் குறித்திருந்தார்கள். அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.